அசைய மறுத்த கீல் பின்: 1985 ஷெவர்லே சி10 கதவில் செய்த வேலை

எங்கள் 1985 ஷெவர்லே சி10 பிக்கப்பின் ஓட்டுநர் பக்கக் கதவைச் சில காலமாகவே தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டியிருந்தது. கதவு திறந்தவுடன் அதன் பின்விளிம்பு சற்றுத் தாழ்ந்துவிடும். மூடும்போது பூட்டின் வாய், கதவுச் சட்டத்தின் பின்தூணில் அது கவ்விக்கொள்ளும் இரும்பு முளையான ஸ்ட்ரைக்கரில் உரசி ஏறி, கதவின் எடை முழுவதையும் அதன் மேல் சுமத்திக்கொண்டு பூட்டிக்கொள்ளும். ஸ்ட்ரைக்கரின் மேற்பரப்பு தேய்ந்து பளபளத்திருந்ததும், கதவின் கீழ்மூலையில் பெயின்ட் கோடாக உரிந்திருந்ததும் அதற்குச் சாட்சி. பலர் இந்த நிலையில் ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துப் பிரச்சினையைத் தள்ளிப்போடுகிறார்கள். அப்படிச் செய்தால் கதவு பூட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் கீலின் தேய்மானம் அப்படியே தொடரும், மேல்விளிம்பின் ரப்பர் வழியே மழைநீர் உள்ளே இறங்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1987 வரையிலான மாடல்களாக விற்ற இந்தத் தலைமுறை பிக்கப்புகளை அமெரிக்காவில் ‘ஸ்கொயர் பாடி’ என்று அழைக்கிறார்கள். ஒரே வரிசை இருக்கை கொண்ட கேபினுக்கு இரண்டே கதவுகள். ஆகையால் ஒவ்வொன்றும் நீளமானது, கனமானது. கதவு தொங்குவதற்குக் கீல்தான் காரணமா என்பதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை போதும். கதவை ஒரு சாண் அளவு திறந்துவைத்து, பின்விளிம்பின் அடியில் கை கொடுத்து மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். அப்போது இன்னொருவர் கீலையும், அதன் இரு பாதிகளையும் கோத்து நிற்கும் இரும்புத் தண்டான ‘பின்’னையும் உற்றுப் பார்க்க வேண்டும். என் மகன் டார்ச்சைப் பிடித்தபடி, “அப்பா, பின் நகரவில்லை, அதைச் சுற்றியிருக்கும் பித்தளைதான் நகர்கிறது” என்று சொன்னவுடன் விஷயம் தெளிவாகிவிட்டது. ஒருவேளை கீல் அசையாமல், அது பொருத்தப்பட்டிருக்கும் முன்தூணின் தகடே வளைந்து கொடுத்தால், அங்கே விரிசல் இருக்கிறது என்று பொருள். அது வெல்டிங் வேலை, பின் மாற்றுவதால் தீராது. கீலில் தெரியும் ஆட்டம் சிறிதாக இருக்கிறதே என்று அலட்சியம் செய்யவும் கூடாது. இரண்டு கீல்களுக்கும் இடையே 40 சென்டிமீட்டரும், கீலிலிருந்து பூட்டு வரை 1 மீட்டரும் இருப்பதாக வைத்துக்கொண்டால், கீலில் ஏற்படும் 1 மில்லிமீட்டர் தேய்மானம் பூட்டருகே 2.5 மில்லிமீட்டர் தாழ்வாக மாறும்.

வேலையில் கை வைப்பதற்கு முன் இந்தப் பின் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். கீலுக்கு இரண்டு இதழ்கள்: ஒன்று தூணோடும் மற்றது கதவோடும் பொருந்தும். அவற்றில் ஒன்றில் பித்தளை நிறத்து வெண்கலப் புஷ்கள், அதாவது சிறு குழல்கள், செருகப்பட்டிருக்கும். பின் அவற்றுக்குள் சுழலும். மற்ற இதழில் பின் சுழலக் கூடாது என்பதற்காக, அதன் தலைக்குக் கீழே நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பின்னை அடித்து இறக்கும்போது அந்தப் பற்கள் இதழின் துளையில் கடித்துக்கொள்ளும். ஆக, நல்ல நிலையில் இருக்கும் பின்னே ஓரிடத்தில் இறுக்கமாகத்தான் இருக்கும். அதற்கு மேல் துரு வந்து சேர்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குளிர்காலம் முழுவதும் சாலைகளில் உப்பு தூவுகிறார்கள். அந்த உப்புநீர் முன்சக்கரத்திலிருந்து தெறித்து மட்கார்டுக்கும் கதவுக்கும் இடையே உள்ள இடுக்கில், அதாவது சரியாகக் கீல் இருக்கும் இடத்தில் தங்குகிறது. இரும்பும் வெண்கலமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டு நிற்கும்போது அரிக்கப்படுவது இரும்புதான். துரு, தான் தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால், புஷ்ஷுக்கும் பின்னுக்கும் இடையே இருந்த மெல்லிய இடைவெளி முழுவதும் ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடுகிறது. அதன் பிறகு பின் புஷ்ஷுக்குள் சுழலாமல், புஷ்ஷையும் சேர்த்துச் சுழற்றத் தொடங்கும். இதழின் துளை நீள்வட்டமாகத் தேய்வது இந்தக் கட்டத்தில்தான்.

இந்தத் தலைமுறை வண்டிகளில் கீல்கள் தூணுக்கும் கதவுக்கும் போல்ட்டால் பொருத்தப்பட்டவை. கீலையே கழற்றி மேசை வைஸில் வைத்துப் பின்னை எடுத்தால் எளிதல்லவா என்று தோன்றும். நான் அந்த வழியில் போகாததற்குக் காரணம் உண்டு. போல்ட்டுகள் சென்று பிடிப்பது தூணுக்குள் தளர்வாக நகரும்படி வைக்கப்பட்டிருக்கும் மரையிட்ட தகட்டில். கதவைச் சரிசெய்ய வசதியாக அப்படி அமைத்திருக்கிறார்கள். 40 ஆண்டு உப்பு தின்ற போல்ட் தலை முறிந்தாலோ, உள்ளே தகட்டைத் தாங்கும் கூடு பிய்ந்தாலோ, தூணை வெட்டித் திறக்கும் அளவுக்கு வேலை பெருகிவிடும். தவிர, கீலின் இடம் ஒருமுறை கலைந்தால் கதவின் நான்கு பக்க இடைவெளிகளையும் புதிதாக ஒழுங்குபடுத்த வேண்டும். பின்னை மட்டும் எடுத்தால் கீல் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கு அடுத்து வந்த 1988 மாடல் முதலான பிக்கப்புகளில் கீல் இதழ்கள் வெல்டு செய்யப்பட்டவை என்பதால், அவற்றில் பின்னை எடுப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. எனவே இதைக் கற்றுக்கொள்வது இரண்டு தலைமுறை வண்டிகளுக்கும் உதவும். இருந்தாலும், வேலை கைமீறினால் பயன்படட்டும் என்று கீலின் விளிம்பைச் சுற்றிலும் கூரிய ஊசியால் மெல்லிய கோடு கீறி வைத்துக்கொண்டேன்.

கதவை நன்றாகத் திறந்து, கீழே சக்கரம் வைத்த தரை ஜாக்கின் மேல் மரக்கட்டையும் மடித்த சாக்கும் வைத்து, கதவின் எடையை அது தாங்கும்படி உயர்த்தினேன். எவ்வளவு உயர்த்துவது என்பது இங்கே முக்கியம். குறைவாக உயர்த்தினால் கதவின் எடை பின்னின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். அதிகமாக உயர்த்தினால் மறுபக்கத்தை அழுத்தும். ஒரு கையால் கதவை லேசாக ஆட்டியபடி, இன்னொரு கையால் ஜாக்கை ஏற்றி இறக்கி, கீலில் அந்தத் தளர்ந்த ஆட்டம் சுதந்திரமாக உணரப்படும் இடத்தில் நிறுத்த வேண்டும். கதவு கவிழ்ந்துவிடாமலிருக்க ஜன்னல் சட்டம் வழியே ஒரு பட்டையைச் சுற்றிக் கேபினோடு கட்டினேன்.

கீழ்க் கீலில், கதவைத் திறந்த நிலையில் நிறுத்தி வைக்கும் ஸ்பிரிங்கும் உருளையும் இருக்கின்றன. பின்னைத் தட்டுவதற்கு முன் இந்த ஸ்பிரிங்கை எடுத்தாக வேண்டும். அது எப்போதும் விசையோடு இருப்பதால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பூட்டிப் பிடிக்கும் குறடால் நன்றாகக் கவ்வி, முகத்தை அதன் நேர்க்கோட்டிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நெம்பி எடுத்தேன். இந்த ஒரு படியில் அவசரம் கூடவே கூடாது.

பிறகு கம்பித் தூரிகையால் அழுக்கையும் காய்ந்த கிரீஸையும் சுரண்டி, பின்னின் எந்த முனை தலை, எந்த முனை வால் என்று சிறிய கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பற்கள் தலைக்கருகே இருப்பதால் பின் தலைப் பக்கமாக மட்டுமே வெளியேறும். அடி விழ வேண்டியது வாலில். இதைப் பார்க்காமல் மேலிருந்து கீழே என்று மனப்பாடமாக அடிப்பவர்கள் பின்னை இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். வாலில் வளையமோ கிளிப்போ இருந்தால் அதையும் முதலில் எடுத்துவிட வேண்டும்.

ஊடுருவும் எண்ணெயைப் பற்றி ஆளுக்கொரு நம்பிக்கை இருக்கிறது. கடையில் கிடைக்கும் நல்ல வகை எதுவும் போதும். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயையும் சம அளவில் கலந்து பயன்படுத்துபவர்களும் உண்டு. என் அனுபவத்தில் எண்ணெயின் பெயரைவிட அதற்குக் கொடுக்கும் நேரமும், இடையிடையே கொடுக்கும் அதிர்வும்தான் வேலை செய்கின்றன. மாலையில் விட்டு, கீலின் மேல் சிறு சுத்தியலால் படபடவென்று மெல்லத் தட்டி, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மீண்டும் விட்டேன். மேலிருந்து மட்டும் ஊற்றுவது பயனற்றது. இரண்டு இதழ்களுக்கு இடையே புஷ்ஷின் விளிம்பு தெரியும் இடுக்குகளில்தான் எண்ணெய் உள்ளே போகும் வழி இருக்கிறது.

மேல் கீலின் பின்னை முதலில் எடுத்தேன். இங்கேதான் இந்த வேலையின் உயிர்நாடி இருக்கிறது. பின்னின் வாலில் பஞ்ச் என்ற இரும்புக் கோலை வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது, அந்த விசை பின்னுக்குப் போவதற்குப் பதிலாகக் கீலையும் கதவையும் குலுக்குவதில் கரைந்துபோகிறது. தகட்டில் பொருத்தப்பட்ட கீல் சிறிது வளைந்து கொடுத்து மீள்கிறது. பின்னும் அதோடு சேர்ந்தே போய்வருகிறது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பின்னின் முனை காளான்போல் விரிவதைத் தவிர எதுவும் நடப்பதில்லை. டிங்கர் வேலை செய்பவர்கள் ஒடுக்கு எடுக்கும்போது தகட்டின் பின்னால் டாலி என்ற கனமான இரும்புக் கட்டையைப் பிடிப்பார்கள் அல்லவா, அதே முறைதான் இங்கும் வேண்டும். பற்கள் கடித்திருக்கும் இதழின் மறுபுறத்தில், பின்னின் தலை வெளியே வர இடம் விட்டு, கனத்த இரும்புக் கட்டை ஒன்றை மகன் இறுக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டான். அதுவரை ‘டப்’ என்று மந்தமாகக் கேட்ட அடியின் ஓசை, கட்டை வைத்தவுடன் கல்லில் விழுந்ததுபோல் கணீரென்று மாறியது. அந்த ஓசை மாற்றத்தை நான் முழுமையாக நம்புகிறேன். கணீரென்று கேட்காதவரை இன்னும் பலமாக அடிப்பதில் அர்த்தமில்லை. கட்டையின் இடத்தைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

பஞ்ச் பின்னைவிட ஒரு நூல் மெல்லியதாகவும், இயன்றவரை குட்டையாகவும் இருக்க வேண்டும். கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையே நீளமான பஞ்ச் நுழையாது. சாய்த்து வைத்து அடித்தால் பின்னின் ஓரம் மட்டும் நசுங்கும். பழைய உறுதியான போல்ட் ஒன்றின் தண்டை வெட்டி, முனையைச் சமமாக அரைத்து அதற்காகவே ஒன்று செய்துகொண்டேன். கனமான சம்மட்டியைக் குறைந்த தூரத்திலிருந்து அடிப்பது, இலேசான சுத்தியலை ஓங்கி வீசுவதைவிடப் பலனளிக்கிறது. பின்னின் தலைக்கும் இதழுக்கும் நடுவே முதலில் முடியிழை அளவுக்கு ஒரு கறுத்த கோடு தெரிந்தது. அதில் எண்ணெய் விட்டதும் அது உள்ளே உறிஞ்சப்பட்டு, செம்பழுப்பு நிறச் சேறாக மறுபுறம் கசிந்தது. பற்கள் துளையை விட்டு விலகியவுடன் பின் தளர்ந்து, மீதியைத் தலையைக் கவ்வித் திருகியே இழுத்துவிட முடிந்தது. வெளியே வந்த பின்னைத் தடவிப் பார்த்தால் புஷ் இருந்த இரண்டு இடங்களிலும் நகம் மாட்டும் அளவுக்கு இடுப்பு விழுந்திருந்தது. எடுத்த துளையில் ஏறக்குறைய அதே தடிமனுள்ள ஒரு போல்ட்டைத் தற்காலிகமாகச் செருகிவிட்டுத்தான் கீழே போனேன். இரண்டு கீலும் ஒரே நேரத்தில் வெறுமையாக இருப்பது ஆபத்து.

கீழ்க் கீல் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. இதற்கு முன்பு யாரோ அதை அடித்துப் பார்த்திருக்கிறார்கள். வாலின் விளிம்பு விரிந்து துளையைவிடப் பெரிதாகியிருந்தது. இப்படி விரிந்த முனை துளைக்குள் நுழையவே முடியாது. ஒவ்வொரு அடியும் அதை மேலும் விரிக்கும். ஆகவே முதலில் சிறிய அரைக்கல்லால் விரிந்த பகுதியைச் சுற்றிலும் தேய்த்து, முனையைச் சரிவாக்கினேன். அடுத்து, திருகி இறுக்கும் சி வடிவப் பிடியான சி கிளாம்ப். பின்னின் தலை நுழையும் அளவுக்கு அகலமான, நட்டு கழற்றும் கிண்ணம் போன்ற ஒரு சாக்கெட்டைத் தலையின் மேல் கவிழ்த்து, மறுமுனையில் குட்டைப் பஞ்சை வாலில் வைத்து, இரண்டையும் கிளாம்பால் இறுக்கினேன். கிளாம்ப் மட்டும் பெரும்பாலும் பின்னை நகர்த்தாது. முழு இறுக்கத்தில் வைத்துக்கொண்டு கீலின் பக்கவாட்டில் அடிக்கும்போதுதான் துருவின் பிடி உடையும். ஆனாலும் இந்தப் பின் அசையவில்லை.

அடுத்தது சூடு. 10 மில்லிமீட்டர் துளை கொண்ட இரும்பு இதழை 200 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் துளை விரிவது சுமார் 0.024 மில்லிமீட்டர்தான். எண்ணாகப் பார்த்தால் மிகக் குறைவு. ஆனால் சூட்டின் பயன் அந்த விரிவு மட்டுமல்ல. இதழும் வெண்கலமும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சூடேறி வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், அவற்றுக்கிடையே உறைந்திருக்கும் துரு நொறுங்குகிறது. பின்னின் மேல் நெருப்பைக் காட்டாமல் இதழின் மேல் மட்டுமே காட்ட வேண்டும். சூடு தணியத் தொடங்கும்போது, இடுக்கில் ஒரு மெழுகுவத்தியைத் தொட்டேன். மெழுகு உருகி, இமைக்கும் நேரத்தில் இடுக்குக்குள் மறைந்தது. திரவ மெழுகை அந்த நுண்ணிய இடைவெளி தானே உறிஞ்சிக்கொள்கிறது.

கதவருகே நெருப்பு என்பது விளையாட்டல்ல. ரப்பர் பட்டையையும் உட்புறத் தரைவிரிப்பையும் அகற்றி, பெயின்டுக்கு முன் தகரத் தடுப்பு வைத்து, சுற்றிலும் ஈரத்துணி போட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தேன். அசிட்டோன் கலந்த எண்ணெய் விட்டிருந்தால் அது முற்றிலும் ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் கீலைச் சுத்தம் செய்தவர்கள் அங்கே நெருப்பையே காட்டக் கூடாது. அது சூட்டில் சிதைந்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகலாம்.

சூடும் மெழுகும் கிளாம்பும் சேர்ந்து பின்னைச் சிறிதளவு நகர்த்தின. பிறகு அது நின்றுவிட்டது. இந்த இடத்தில் இன்னும் பெரிய சம்மட்டியைத் தேடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. பின் மலிவான பொருள், புதிதாக வாங்கியும் வைத்திருக்கிறோம். காப்பாற்ற வேண்டியது கீலின் இதழையும் தூணின் தகட்டையும்தான். எனவே அறுத்துவிட முடிவுசெய்தேன். இரண்டு இதழ்களும் சந்திக்கும் இடுக்கில் புஷ்ஷின் மெல்லிய வெண்கல விளிம்புதான் இருக்கிறது. அது சுலபமாக அறுபடும். மெல்லிய உலோகம் அறுக்கும் பிளேடை முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பத்தில் மாட்டி, வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டபடி அறுத்தேன். பிளேடு வளைந்து இதழைக் கீறாமல் இருக்க, இரு பக்கமும் மெல்லிய தகரத்தைச் செருகியிருந்தேன். மேல் இடுக்கிலும் கீழ் இடுக்கிலும் அறுத்ததும் பின் மூன்று துண்டுகளாகி, இதழ்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. மேலே செருகியிருந்த போல்ட்டையும் உருவியவுடன், ஜாக்கின் மேலிருந்த கதவை இருவருமாக இறக்கிச் சாக்கின் மேல் கிடத்தினோம்.

புஷ்ஷுக்குள் இருந்த துண்டுகள், இப்போது இதழைக் கிளாம்பால் நேராகப் பிடிக்க முடிந்ததால், புஷ்ஷோடு சேர்ந்தே வெளியே வந்தன. பற்கள் கடித்திருந்த துண்டு மட்டும் துளையிட வேண்டியதாயிற்று. அறுத்த முகத்தை அரத்தால் சமமாக்கி, சரியான நடுவில் ஆழமாகப் புள்ளி குத்தி, 3 மில்லிமீட்டர் துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கினேன். இதில் குறைந்த வேகமும் நல்ல அழுத்தமும் வேண்டும். வேகமாகச் சுழற்றினால் முனை தீய்ந்து, பின்னின் பரப்பும் கடினமாகிவிடும்.   எனக்குச் சுவர் மெலிந்த கட்டத்தில் ஒரு தட்டிலேயே துண்டு உள்பக்கம் சுருங்கி விழுந்தது.

புதிய புஷ் போடுவதற்கு முன் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புதிய புஷ்ஷைக் கையால் தள்ளியே முழுமையாக நுழைக்க முடிந்தால் துளை தேய்ந்துவிட்டது; அங்கே சற்றுப் பெரிய அளவிலான புஷ் போட வேண்டும், அல்லது கீலையே மாற்ற வேண்டும். ஒட்டும் பசை போட்டு அதை நிறுத்த நினைப்பது வீண். எங்கள் கீலில் துளைகள் தப்பியிருந்தன. புஷ்களைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் மென்மையான விளிம்பு உடையும் என்பதால், கிளாம்பில் வைத்து அழுத்தியே பொருத்தினேன். இதழ்கள் உரசும் முகத்தில்தான் விளிம்பு அமர வேண்டும். இறுக்கிப் பொருத்தும்போது புஷ்ஷின் உள்விட்டம் சிறிது சுருங்கிவிடும்; பின் கையால் தள்ளினால் தடையோடு நுழைந்து, ஆட்டமில்லாமல் சுழலும்வரை, துளையை நுண்ணளவில் அகலப்படுத்தும் ரீமரைக் கொண்டு மிக மெல்லச் சீவினேன்.

கதவைத் திரும்ப ஏற்றும்போது இதழ்களின் துளைகளை நேர்க்கோட்டில் கொண்டுவரக் கூம்புமுனைக் கம்பி ஒன்று பெரிதும் உதவியது. பின் முழுவதும் கிரீஸ் தடவி, பற்கள் இருக்கும் பகுதிக்கு மட்டும் செம்புத்தூள் கலந்த பசை பூசி, மேல் பின்னை முதலிலும் கீழ்ப் பின்னை அடுத்தும் செருகினேன். பற்கள் துளையைத் தொடும்வரை கையாலேயே போக வேண்டும். அதற்கு முன்பே அடி தேவைப்பட்டால் துளைகள் நேராக இல்லை என்று பொருள். கடைசிப் பகுதியை அடித்து இறக்கும்போதும் அதே இரும்புக் கட்டையைப் பின்னால் பிடிக்கச் சொன்னேன். ஸ்பிரிங்கையும் உருளையையும் மாட்டிய பின், ஸ்ட்ரைக்கரைக் கழற்றிவிட்டுக் கதவை மூடிப் பார்த்தேன். ஸ்ட்ரைக்கர் இருந்தால் அது கதவைத் தூக்கிப் பிடித்து உண்மை நிலையை மறைத்துவிடும். கதவின் மேல்கோடு கேபினின் கோட்டோடு தானாகவே சேர்ந்தது. கீலின் போல்ட்டுகளைத் தொட வேண்டிய தேவையே எழவில்லை. ஸ்ட்ரைக்கரைத் திரும்பப் பொருத்தி, பூட்டின் வாய்க்கு நேர் நடுவில் வரும்படி இறுக்கினேன்.

இனி ஒவ்வொரு குளிர்காலமும் முடிந்தவுடன் அந்த இடுக்கைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காய்ந்த பின் புஷ் விளிம்புகளில் எண்ணெய் விடுவதென்று வைத்திருக்கிறேன். உப்பு தூவத் தொடங்குவதற்கு முன்னும் ஒருமுறை. பயணி பக்கக் கதவின் பின்களில் தேய்மானம் குறைவு, ஆனால் அங்கும் துரு இறுகத் தொடங்கியிருக்கிறது. அதற்கு இப்போதே எண்ணெய் விட்டுத் தட்டி வருகிறேன். வெயில் காலத்தில் அந்தப் பின்களையும் எடுத்துவிடுவேன்.